ஸ்வீட் பாக்ஸ் வாங்கலாமா?

போன வாரம் ஆபீஸில் லஞ்ச ஒழிப்புப் பயிற்சி முடித்தேன். முடித்தேன் என்றால், நாற்பது நிமிட வீடியோவை ஒரு ஓரமாக ஓடவிட்டுவிட்டு மாதக் கடைசிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லோரும் செய்வதுதான். கடைசியில் பத்துக் கேள்வி வரும். எட்டுக்குச் சரியாகப் பதில் போட்டால்தான் சர்டிபிகேட். அதில் வருஷா வருஷம் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. தீபாவளிக்கு ஒரு வெண்டர் உங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து தருகிறார், என்ன செய்வீர்கள்? வாங்கவே மாட்டேன் என்று போட்டால் தப்பு. நன்றி சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போவேன் என்றாலும் தப்பு. மேலாளரிடம் சொல்லி, பரிசுப் பதிவேட்டில் மதிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீமில் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பேன் என்பதுதான் விடை. முதல் வருஷம் இது தெரியாமல் வாங்கவே மாட்டேன் என்று வீராப்பாகப் போட்டு மார்க் போனது.

நான் வேலை பார்ப்பது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்குப் பிரிவில், சென்னை ஓ.எம்.ஆர். பக்கம். வெண்டர்கள் அனுப்புகிற பில்லைச் சரிபார்த்துப் பணம் விடுகிற வேலை, பதினோரு வருஷமாக. அதனால் லஞ்சச் செய்தி எதைப் படித்தாலும், வாங்கினது யார், எந்தக் கட்சி என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறு ஒன்று உறுத்தும்: இதை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதினார்கள்? லஞ்சம் என்றதும் நமக்குக் கவர்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் கோடிக்கணக்கில் போகிற பணம் கவரில் போகாது, அது ஒரு பில்லாக வந்து, யாரோ ஒருவர் ஓகே சொல்லி, என்னைப் போல ஒருத்தர் மேசையைத் தாண்டித்தான் வெளியே போயாக வேண்டும்.

இந்த விஷயத்தில் சீமென்ஸ் கதையை மிஞ்ச ஒன்றும் இல்லை. 2006 நவம்பர் 15 காலையில் ஜெர்மனியில் 200-க்கும் மேற்பட்ட போலீசார் ஒரே நேரத்தில் சீமென்ஸ் ஆபீஸ்களுக்குள்ளும் அதிகாரிகளின் வீடுகளுக்குள்ளும் புகுந்தார்கள். 1847-ல் தந்திக் கருவி செய்யத் தொடங்கி, மின்நிலையம், ரயில், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ஸ்கேன் மெஷின் என்று அப்போது உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்த கம்பெனி. இரண்டு வருஷம் தோண்டியதில் வெளியே வந்தது இது: 2001 முதல் 2007 வரை குறைந்தது 4,283 தடவை, மொத்தம் சுமார் 140 கோடி டாலர், பல நாட்டு அரசு அதிகாரிகளுக்கு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தன் புகாரில் எண்ணிச் சொன்ன கணக்கு. எனக்கு 140 கோடியைவிட அந்த 4,283-தான் ஆச்சரியம். கடைசி மூன்று வரை எண்ண முடிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு காகிதம் இருந்திருக்கிறது.

அந்த ஆவணங்களை நான் ராத்திரி உட்கார்ந்து படித்திருக்கிறேன், துப்பறியும் கதை மாதிரி இருக்கும் என்று நினைத்து. பார்த்தால் அது எங்கள் டிபார்ட்மென்ட் கதை. கம்பெனிக்கு உள்ளேயே மூன்று இடங்களில் ரொக்கக் கவுண்டர் வைத்திருந்தார்கள், ஊழியர் காலி சூட்கேஸோடு போனால் 10 லட்சம் யூரோ வரை நிரப்பிக்கொண்டு வரலாம். 2001-லிருந்து 2004-க்குள் இப்படி மட்டும் சுமார் 6.7 கோடி டாலர் போயிருக்கிறது. எங்கள் ஆபீஸில் பெட்டி கேஷில் ஆட்டோ காசு 300 ரூபாய் வாங்க இரண்டு கையெழுத்தும் ஒரு ரசீதும் வேண்டும், ஆட்டோக்காரர் எங்கே ரசீது தருவார், நாமே எழுதிக்கொள்வதுதான், அது வேறு விஷயம்.

அப்புறம் கையெழுத்து. பணம் விட ஒப்புதல் வேண்டும், ஆனால் ஒப்புதல் கொடுத்தவர் பெயர் தாளில் இருக்கக்கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? போஸ்ட்-இட் சீட்டில் கையெழுத்துப் போட்டு பில்லின் மேல் ஒட்டினார்கள். சோதனை என்று யாராவது வந்தால் சீட்டைப் பிய்த்து எடுத்துவிடலாம், பில் பாட்டுக்கு இருக்கும். இதைப் படித்தபோது ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகச் சிரித்தேன்.

இன்னொன்றும் உண்டு. ஜவுளிக் கடைகளில் விலைச் சீட்டின் ஓரத்தில் சம்பந்தமில்லாத எழுத்துகள் நாலைந்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். கொள்முதல் விலையைக் கடைக்காரர் தனக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதி வைப்பது. சீமென்ஸிலும் அப்படி ஒரு எழுத்துக் கணக்கு இருந்தது. சாவி வார்த்தை 'மேக் ப்ராஃபிட்'. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், பத்து எழுத்து, எதுவும் இரண்டு தடவை வராது, முதல் எழுத்து 1, கடைசி எழுத்து 0. 'இதை ஏ.பி.பி. ஃபைலில் போடு' என்று குறிப்பு வந்தால் 2.55 சதவீதம் கமிஷன் என்று அர்த்தம். ஜப்பானில் அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனி விமானம் விற்றபோது லஞ்ச ரசீதில் 'வேர்க்கடலை' என்று எழுதினார்கள், நூறு வேர்க்கடலை என்றால் 10 கோடி யென். முன்னாள் பிரதமர் டனாக்கா 1976-ல் கைதானது அந்த வழக்கில்தான். அந்த அமளிக்குப் பிறகுதான் அமெரிக்கா 1977-ல், தன் கம்பெனிகள் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்தால் குற்றம் என்று சட்டம் போட்டது. உலகத்திலேயே முதலில் அப்படிச் சட்டம் போட்ட நாடு அதுதான்.

சீமென்ஸில் டெலிகாம் பிரிவின் லஞ்ச பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டவர் ரைன்ஹார்ட் சீகாசெக் என்று ஒரு நடுத்தர அதிகாரி. ஆமாம், பட்ஜெட். வருஷத்துக்கு 4 முதல் 5 கோடி டாலர். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் என்று கணக்குகள் திறந்து, ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் பணத்தைச் சுற்றிவிட்டவர். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. 2008 ஜூலையில் ஜெர்மனியின் முனிச் நீதிமன்றம் இரண்டு வருஷம் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து, 1,08,000 யூரோ அபராதம் போட்டு அனுப்பியது. தன் பிரிவும் அங்கிருந்த ஆயிரக்கணக்கான வேலைகளும் பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்பது அவர் பேட்டிகளில் சொன்ன காரணம். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. மாதக் கடைசியில் பேலன்ஸ் டேலியாக வேண்டும் என்று ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிற எங்கள் ஆட்களில் நாலு பேரின் முகம் எனக்கு அவரிடம் தெரிந்தது.

சரி, இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியத்தை எங்கே பழகினார்கள்? இதற்குப் பதில் ரொம்ப எளிது, அது சட்டப்படியே நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் ஒரு ஜெர்மன் அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தால் ஜெயில். அதே பணத்தை வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் 1999 வரை குற்றமே கிடையாது, அதுமட்டும் இல்லை, வருமான வரிக் கணக்கில் செலவு என்று கழித்துக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் மொழியில் வைத்திருந்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பயனுள்ள செலவுகள்'. யோசித்துப் பாருங்கள், நைஜீரியாவிலோ அர்ஜென்டினாவிலோ ஒரு அமைச்சரை வாங்கின செலவுக்கு ஜெர்மன் அரசு வரிச் சலுகை கொடுத்திருக்கிறது. பிரான்ஸும் இதே மாதிரிதான் வைத்திருந்தது. 1997-ல் பணக்கார நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, 1999-ல் ஜெர்மனி சட்டத்தை மாற்றியது. சட்டம் மாறின மறுநாள் ஆபீஸில் என்ன மாறியிருக்கும்? எங்கள் ஆபீஸில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாறினதுதான், புதுப் பழக்கத்துக்கு யாரும் தயாரில்லை, பழைய வேலையைப் புதுத் தலைப்பில் செய்தார்கள். செலவு என்று வெளிப்படையாக எழுதினது ஆலோசனைக் கட்டணம் ஆனது. 2001 மார்ச்சில் சீமென்ஸ் நியூயார்க் பங்குச் சந்தையிலும் பெயர் பதிந்துகொண்டது, அதனால் அமெரிக்கச் சட்டமும் கழுத்தில் விழுந்தது, அதையும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

என் சித்தப்பா அம்பத்தூரில் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டராக இருந்தவர். இதையெல்லாம் அவரிடம் சொன்னால், "கவனிக்கலைன்னா ஃபைல் நகராதுடா, அவன் மட்டும் என்ன செய்வான்" என்பார். அவர் பார்த்த உலகம் அது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர், கனெக்‌ஷன் கொடுக்கிறவர், பில்லைப் பாஸ் பண்ணுகிறவர் என்று வரிசையாக மாமூல் வைத்துத்தான் அவர் தொழில் நடத்தினார், வைக்காவிட்டால் அவருக்கு வர வேண்டிய சொந்தப் பணமே வராது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இதே வசனத்தைச் சொல்கின்றன, 'அந்த நாட்டில் அப்படித்தான்' என்று. கேட்கிறபோது நாமும் தலையாட்டிவிடுகிறோம். மூன்று கவுண்டர், பல நாட்டில் வங்கிக் கணக்கு, எழுத்துக் கணக்கு, போஸ்ட்-இட் சீட்டு, இதில் எதையும் வங்கதேசத்துக்காரரோ அர்ஜென்டினாக்காரரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுத்தான் கொடுத்தார்கள் என்பது பல இடங்களில் உண்மையாக இருக்கலாம். கேட்பதற்கு முன்பே பட்ஜெட் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

அர்ஜென்டினா கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. 1998-ல் நாட்டு மக்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை செய்து கொடுக்கிற சுமார் 100 கோடி டாலர் கான்ட்ராக்ட் சீமென்ஸுக்குக் கிடைத்தது, லஞ்சம் கொடுத்து. அரசு மாறியது, பொருளாதாரம் கவிழ்ந்தது, 2001-ல் கான்ட்ராக்ட் ரத்து. உடனே சீமென்ஸ் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போய் எங்களுக்கு நஷ்டம் என்று அர்ஜென்டினா மேல் வழக்குப் போட்டது. லஞ்சம் கொடுத்து வாங்கின கான்ட்ராக்டுக்கு நஷ்ட ஈடு! 2007 பிப்ரவரியில் ஜெயிக்கவும் செய்தது, 21 கோடி டாலருக்கும் மேல் கொடு என்று தீர்ப்பு. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் முனிச்சில் போலீஸ் புகுந்திருந்தது. எல்லாக் குட்டும் உடைந்து, அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கும் பிறகு 2009-ல்தான் அந்தத் தொகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். நடுவில் குட்டு உடையாமல் இருந்திருந்தால் அர்ஜென்டினா மக்கள் தங்களிடம் திருடியவனுக்குச் சம்பளமும் கொடுத்திருப்பார்கள்.

இப்போது அபராதத்துக்கு வருவோம், பயிற்சி வீடியோவில் ஒருபோதும் வராத பகுதி. 2008 டிசம்பர் 15 அன்று சீமென்ஸ் அமெரிக்காவுக்கு 80 கோடி டாலர் கட்டியது. அதே நாளில் முனிச்சுக்கு 39.5 கோடி யூரோ. முந்தைய வருஷமே முனிச்சில் 20.1 கோடி யூரோ கட்டியிருந்தது. எல்லாம் சேர்த்து சுமார் 160 கோடி டாலர், அந்தக் காலத்தில் இந்த வகைக் குற்றத்துக்கு உலகச் சாதனை. பேப்பர்களில் பெரிய தலைப்புப் போட்டார்கள், நீதி கிடைத்தது என்று. யாருக்குக் கிடைத்தது? வாஷிங்டனுக்கும் முனிச்சுக்கும். வங்கதேசத்தில் மொபைல் போன் சேவை அமைக்கிற சுமார் 4 கோடி டாலர் வேலைக்கு 53 லட்சம் டாலர் லஞ்சம் போயிருக்கிறது, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. எந்தக் கம்பெனியும் லஞ்சத்தைக் கைக்காசிலிருந்து போடாது, டெண்டர் விலையில் ஏற்றித்தான் எடுக்கும், இது கணக்குப் பிரிவில் இருக்கிற எந்தக் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் அந்த 53 லட்சத்தைக் கொடுத்தது வங்கதேசத்து ஜனங்கள்தான். அந்நாளைய பிரதமரின் மகன் தொடர்பான பணம் என்று சொல்லப்பட்டு, 2012-ல் சிங்கப்பூரிலிருந்து 20 லட்சம் சிங்கப்பூர் டாலருக்குச் சற்று மேல் அவர்களுக்குத் திரும்பி வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், உலக வங்கியோடு பேசி முடித்ததில் ஊழல் ஒழிப்பு வேலைகளுக்கு 15 வருஷத்தில் 10 கோடி டாலர் தருவதாகவும் சீமென்ஸ் ஒப்புக்கொண்டது. அதில் கருத்தரங்கு எத்தனை, பயிற்சி வீடியோ எத்தனை என்று நான் கேட்கப் போவதில்லை.

இலங்கையிலும் இதே கணக்குதான். ஏர்பஸ் கம்பெனி 2020 ஜனவரி 31 அன்று பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றோடும் சேர்த்து 360 கோடி யூரோவுக்கு முடித்துக்கொண்டபோது வெளியான பிரிட்டிஷ் ஆவணத்தில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்கு ஒரு பகுதி உண்டு. விமானம் வாங்குகிற முடிவில் இருந்த ஒரு அதிகாரியின் மனைவி பெயரில் இருந்த கம்பெனிக்கு 1 கோடியே 68 லட்சம் டாலர் தருவதாகப் பேச்சு, உண்மையில் போனது 20 லட்சம். மனைவியை ஆலோசகர் என்று காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனுக்கு அபராதப் பங்கு 99.1 கோடி யூரோ. கொழும்பில் அந்த விமானங்களின் குத்தகையை அடைக்க வழி தெரியாமல் விழித்த ஏர்லைன்ஸுக்கு அதில் என்ன வந்தது என்று தேடிப் பார்த்தால் கை காலியாகத்தான் திரும்பும்.

நம் ஊருக்கும் வந்திருக்கிறது. காக்னிசன்ட் சென்னையில் கட்டின 27 லட்சம் சதுர அடி வளாகத்துக்கு, பிளான் அப்ரூவலுக்காக 2014-ல் தமிழ்நாட்டு மூத்த அரசு அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டதாகவும், கட்டுமான கான்ட்ராக்டர் மூலம் கொடுத்துவிட்டு, கூடுதல் வேலை செய்ததாகப் பில் போட்டு அந்தப் பணத்தை ஈடுகட்ட ஏற்பாடு ஆனதாகவும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியில் சொன்னது. கம்பெனி தானாகவே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. முன்னாள் உயர் அதிகாரிகள் இரண்டு பேர் மறுத்து வழக்காடினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த அதிகாரி யார், எந்த அமைச்சரின் ஆள் என்று விடிய விடிய அடிதடி. கூடுதல் வேலை பில் என்ற ஒரு வரியில் நான் மட்டும் நின்றுவிட்டேன். கட்டட வேலையில் அந்த மாதிரி பில் வாரத்துக்கு ஒன்று வரும். டைல்ஸ் மாற்றினோம், சுவரைத் தள்ளிக் கட்டினோம், பைப் லைன் இழுத்தோம். போய் எண்ணிப் பார்க்கவா முடியும்?

அமெரிக்காவில் அந்த இரண்டு பேர் மேல் இருந்த வழக்கு 2025 ஏப்ரலில் தள்ளுபடி ஆனது. விசாரணையில் நிரபராதி என்று தீர்ப்பாகி இல்லை. பிப்ரவரியில் டிரம்ப் அந்த 1977 சட்டத்தின்படி வழக்குப் போடுவதையே 180 நாள் நிறுத்திவைத்தார், அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் போட்டியில் பாதகமாக இருக்கிறது என்று காரணம் சொல்லி. அதைத் தொடர்ந்து அரசுத் தரப்பே இந்த வழக்கை நடத்த விரும்பவில்லை என்று சொல்லிவிட்டது. ஜூனில் புது விதிமுறையோடு சட்டம் திரும்பி வந்தது, இந்த வழக்கு திரும்பவில்லை. குற்றம் நடந்ததா இல்லையா என்று ஒரு நீதிபதி முன்னால் சாட்சி வைத்துப் பேசப்படவே இல்லை, அந்த இரண்டு பேருக்கும்கூட அது நியாயம் இல்லை. பாதகம் என்கிற வார்த்தையைப் படித்தபோது சீகாசெக் ஞாபகம் வந்தார். அவர் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு, பெரிதாக ஒன்றும் இல்லை. ஏழெட்டு வருஷம் முன்னால், அப்போது வேறு இடத்தில் இருந்தேன். வெளிநாட்டுக் கிளை ஒன்றிலிருந்து 'சந்தை ஆய்வு' என்று ஒரு பில் வந்தது, தொகை முழு எண், பைசா சுத்தம், வரி எதுவும் கிடையாது, வேறொரு நாட்டு வங்கியில் கட்டச் சொல்லி. ஆய்வறிக்கையை அனுப்புங்கள் என்று மெயில் போட்டேன். நாலு பக்கம் வந்தது, அந்த நாட்டின் மக்கள்தொகை, தலைநகரம், தட்பவெப்பம், எட்டாம் வகுப்புப் பூகோளப் புத்தகம் மாதிரி. பில்லை நிறுத்திவைத்தேன். மேலே இருந்தவர் கூப்பிட்டு, தன்மையாகத்தான், "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க, அப்ரூவல் இருக்குல்ல" என்றார். அடுத்த வாரம் அந்தக் கிளையின் பில்கள் வேறொருத்தர் வரிசைக்குப் போயின. அது லஞ்சம்தானா? சோம்பேறி ஆலோசகர் ஒருவர் ஏமாற்றிப் பிடுங்கினதாகவும் இருக்கலாம். நான் மேலே கேட்கவில்லை, அந்த வருஷம் வீட்டுக் கடன் வாங்கியிருந்தேன். அந்தக் கிளையிலும் வருஷா வருஷம் இதே ஸ்வீட் பாக்ஸ் கேள்விக்கு எல்லோரும் சரியாகப் பதில் சொல்லி சர்டிபிகேட் வாங்கியிருப்பார்கள்.

இந்தத் தடவை எனக்குப் பத்துக்குப் பத்து. போன தீபாவளிக்கு கூரியர் கம்பெனிப் பையன் கொண்டுவந்தது எங்கள் பரிசுப் பதிவேட்டில் இன்னும் கடைசிப் பதிவாக இருக்கிறது, என் கையெழுத்தில்: மைசூர்பாகு, அரை கிலோ, உத்தேச மதிப்பு 320 ரூபாய், டீமோடு பகிர்ந்துகொள்ளப்பட்டது. மேலாளர் பக்கத்திலேயே ஒப்புதல் போட்டிருக்கிறார், தாளிலேயே, பேனாவால்.